கடற்பாசி கட்டும் காவல்

கோடைக்காலத்தில் ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி சப்ஜா விதையை இட்டுவிட்டு, வேறு வேலையைக் கவனித்துத் திரும்பியவர்கள், சற்று முன்பு எள்ளைப் போலக் கறுத்து வறண்டு கிடந்த அந்த விதைகள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்றதொரு போர்வையை வரவழைத்துக்கொண்டு குவளை முழுவதையும் நிறைத்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். விதையின் மேல்தோலில் உறங்கிக் கிடந்த ஒரு பதார்த்தம், நீர் பட்டதும் விழித்துக்கொண்டு, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து நிறுத்திக்கொண்டதால் உண்டானது அந்தப் போர்வை. ரசாயன நூலார் அந்தப் பதார்த்தத்தைப் பாலிசாக்கரைடு என்பார்கள். சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கைகோத்து நின்று உண்டாக்கும் நெடுஞ்சங்கிலி என்பது அதன் பொருள். அரிசி மாவும், பருத்திப் பஞ்சும், பாதாம் பிசினும், ஜிகர்தண்டாவில் சேரும் கடற்பாசியும் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. விதை முளைக்கும் மட்டும் ஈரம் காயாமல் காப்பதும், முளைக்கும் வேளை வந்ததும் வழிவிட்டு ஒதுங்குவதுமே அந்தப் போர்வையின் தொழில்.

காத்து நிற்பது, பின்பு வழிவிடுவது என்னும் இந்த இரட்டைக் குணத்தை மனிதன் தன் காரியங்களுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறான். எளிதில் ஆவியாகிவிடும் வாசனை எண்ணெய்களைக் கருவேல இனத்துப் பிசினின் கரைசலோடு கலந்து வெப்பக் காற்றில் தூவி உலர்த்தினால், ஒவ்வொரு துளியும் ஒரு பிசின் உறைக்குள் அடைபட்டுப் பொடியாகிறது. நீரில் இட்டால் மட்டுமே மணம் விடுதலை பெறுகிறது. வயிற்றின் அமிலத்திலும் சிறுகுடலிலும் கரையாமல் பெருங்குடலைச் சென்றடைய வேண்டிய மருந்துகளுக்கு, கொத்தவரை விதைப் பிசினையும் பழத்தோலின் பெக்டினையும் உறையாக்குகிறார்கள். நம் குடல் நீர்களால் கரைக்க முடியாத அந்தச் சர்க்கரைகளைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் தின்று தீர்ப்பதால், மருந்து தான் இறங்க வேண்டிய இடத்திலேயே இறங்குகிறது. இவ்வாறான பிரயோகங்கள் பல. ஆயினும் இந்த இயலின் ஆழத்தையும் அதன் வேதனையையும் ஒருங்கே காட்டுவதாக நமக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கடற்பாசியின் சாற்றால் ஒரு சிறு உருண்டை செய்து, அதற்குள் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைக் குடிவைத்து, நீரிழிவு நோயாளியின் உடலுக்குள் இருத்திவிட வேண்டும் என்ற நீண்ட முயற்சி. அந்தக் கதையையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் அலை ஒதுக்கும் பழுப்புநிறப் பாசிகளைக் கரையில் குவித்து எரித்துச் சாம்பலாக்குவது ஒரு காலத்தில் ஏழைகளின் ஜீவனோபாயமாக இருந்தது. முதலில் அந்தச் சாம்பலின் சோடாவுக்காகவும், 1811 இல் பிரான்சில் குர்த்துவா என்பவர் பாசிச் சாம்பலில் அயோடினைக் கண்டுபிடித்த பின்னர் அந்த அயோடினுக்காகவும் அது வாங்கப்பட்டது. எட்வர்ட் ஸ்டான்போர்ட் என்ற ஆங்கிலேய ரசாயனி, டைரீ முதலிய தீவுகளின் பாசியோடு பல ஆண்டுகள் உழன்றவர், இந்த எரிப்பைக் கண்டு மனம் பொறாமல், பாசியில் உள்ளதையெல்லாம் நெருப்புக்கு இரையாக்கிச் சாம்பலை மட்டும் விற்பது என்ன நியாயம் என்று கருதி, எரிக்காமலே அதன் சத்தைப் பிரிக்கும் வழியைத் தேடினார். சோடாக் கரைசலில் ஊறவைத்த பாசி வழவழப்பான ஒரு கெட்டிப் பாகாக மாறுவதை அவர் கண்டார். அந்தப் பாகுப் பொருளுக்கு ஆல்ஜின் என்று பெயரிட்டு, 1881 இல் அதைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். பழுப்புப் பாசிகளின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை இதுவே இருப்பதுண்டு. பாறையைப் பற்றிக்கொண்டு அலையோடு அலையாக ஆடும் செடி, ஒடியாமல் வளைந்து கொடுப்பதற்கு இந்தப் பாகே காரணம்.

அதன் உள்ளமைப்பு வெளிப்பட மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆல்ஜினேட் சங்கிலியில் இரண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் இருக்கின்றன: மானுரோனிக் அமிலம் ஒன்று, குலுரோனிக் அமிலம் மற்றொன்று. முதலாவது வரிசையாக நிற்கும் பகுதிகள் நாடாவைப் போல நீண்டு கிடக்கும். இரண்டாவது வரிசையாக நிற்கும் பகுதிகளோ மடிந்து மடிந்து குழிகளாக அமையும். சோடியம் சேர்ந்த ஆல்ஜினேட் நீரில் கரைந்து பாகாகவே கிடக்கும். அதில் கால்சியத்தைக் காட்டினால், கால்சியம் அயனிகள் அந்தக் குழிகளில் சென்று அமர, இரு சங்கிலிகள் எதிரெதிரே வந்து அவற்றை இடையில் வைத்துப் பூட்டிக்கொள்கின்றன. 1973 இல் இதை விளக்கிய ஆங்கில விஞ்ஞானிகள் முட்டைகளை அடுக்கும் அட்டையை உவமை கூறினார்கள். நம் வீட்டுப் பெண்கள் இரண்டு பல்லாங்குழிப் பலகைகளை முகத்தோடு முகம் கவிழ்த்து, இடையில் சோழிகள் சிறைப்பட்டிருப்பதாக எண்ணிப் பார்த்தால் இந்த விஷயம் எளிதில் விளங்கிவிடும்.

இதில் போற்றத்தக்கது யாதெனில், இந்தப் பூட்டு போடுவதற்குச் சூடும் வேண்டாம், விஷமான ரசாயனமும் வேண்டாம் என்பதே. அறையின் சாதாரண வெப்பத்தில், ஊசிக் குழாயின் நுனியிலிருந்து ஆல்ஜினேட் கரைசல் துளித்துளியாகக் கால்சியம் குளோரைடு நீரில் விழ வேண்டியதுதான். நீரைத் தொட்ட கணத்தில் துளியின் புறத்தே ஒரு தோல் படர்ந்து, சிறிது நேரத்தில் அது உருண்டு திரண்ட முத்தாகிவிடுகிறது. துளிக்குள் மென்மையான எது இருந்தாலும், நொதியாயினும், செடியின் கருவாயினும், உயிருள்ள அணுவாயினும், அதற்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை. பூட்டைத் திறப்பதும் அவ்வாறே எளிது: கால்சியத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் சிட்ரேட் போன்ற உப்பைச் சேர்த்தால் முத்து மீண்டும் பாகாகிவிடும். வயிற்றின் அமிலத்தில் சுருங்கி இறுகுவதும், அதைக் கடந்து குடலுக்குள் சென்றதும் ஊதித் தளர்வதும் இதன் சுபாவம். வேளையறிந்து மருந்தை விடுவிக்க இதனினும் இசைவான பொருளைத் தேடிக் காண்பது அரிது என்பதே நமது அபிப்பிராயம்.

துளியை முத்தாக்கும் இந்த வித்தையைச் செர்ரிப் பழம் போன்ற தின்பண்டம் செய்வதற்காக வில்லியம் பெஷார்ட் என்பவர் பயன்படுத்தி 1946 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில், மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில், பாபட், மாத்ரே, ராவ் என்ற மூவர் மல்பெரிச் செடியின் இளந்தளிர் மொட்டுக்களை ஆல்ஜினேட் முத்துக்களில் அடைத்து முளைக்கச் செய்து, அந்த ஆராய்ச்சியை 1987 இல் வெளியிட்டார்கள். விதையாக அல்லாத ஒன்றை விதையாக்கும் அந்த முறைக்குச் செயற்கை விதை என்று பெயர். அடுத்த ஆண்டே சந்தன மரத்தின் கருவுக்கும் அதையே செய்தார்கள்.

இந்தச் சரக்கு நமக்கு அந்நியமானதன்று. மன்னார் வளைகுடாவின் இருபத்தோரு தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத கடலில், கட்டக்கோரை என்று மீனவர் வழங்கும் சர்காசம் பாசியும், பக்கோடாப் பாசி என்று அவர்கள் பெயரிட்டழைக்கும் டர்பினேரியாவும் ஆல்ஜினேட் தரும் இனங்களே. ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள், புடவைக்கு மேல் சட்டை அணிந்து, பாறையும் பவளமும் விரலை அறுக்காதபடி துணிகளைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி முங்கி எடுத்துக் கரையில் காயவைக்கும் பாசியை நேரில் பார்த்தவர்கள், அந்த உழைப்பை ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டார்கள். துணிக்குச் சாயம் அச்சிடுவோருக்குக் கெட்டிப்பசையாக ஆல்ஜினேட் பயன்படுவதுண்டு. மருந்துக்குரிய தூய்மையோடு அதைப் பிரிக்கும் தொழிலோ மிகவும் சிரமமானது. அந்தத் தொழில் இந்தக் கரையிலேயே வேரூன்றி, முங்குகிறவர்களின் கூலியில் அதன் பலன் சேர வேண்டும் என்பது நம் விருப்பம். மண்டபத்தில் கடற்பாசிக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று பல்லாண்டுகளாக இருந்துவருவதால், இந்த ஆசை பேராசையாகாது என்றும் நினைக்கிறோம்.

இனி, நீரிழிவுக்கு வருவோம். நீரிழிவில் பல வகை உண்டு. நாம் இங்கே பேசுவது, பெரும்பாலும் இளம் வயதிலேயே வந்து சேரும் முதல் வகையைப் பற்றி. கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சொல்லப்படும் நுண்ணிய கூட்டங்களில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை, உடலின் காவற்படையே அந்நியர் என்று தவறாகக் கருதி அழித்துவிடுவதால் உண்டாவது இது. 1893 டிசம்பர் 20 ஆம் தேதி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாட்சன் வில்லியம்ஸ் என்ற வைத்தியர், இந்நோயால் மடிந்துகொண்டிருந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, ஓர் ஆட்டின் கணையத் துண்டுகளைத் தோலுக்கடியில் பதித்துப் பார்த்தார். சிறுவன் மூன்று நாட்களில் இறந்துபோனான். இன்சுலின் என்ற பெயரே பிறக்காத காலத்தில், குறைந்துபோன சுரப்பியை வேறோர் உயிரிடமிருந்து கடன் வாங்கலாம் என்று அந்த மருத்துவருக்குத் தோன்றியதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

1922 ஜனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையில், பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டதும், அதுவரை மரண தண்டனையாக இருந்த நோய் ஆயுள் தண்டனையாக மாறியது. அந்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்லுவது நன்றி கொன்ற செயலாகும். ஆனாலும் ஊசியால் முடியாதது ஒன்று உண்டு. நலமான கணையம் ரத்தத்தின் சர்க்கரையைக் கணந்தோறும் ருசி பார்த்து, தேவைக்குத் தக்கவாறு கூட்டியும் குறைத்தும் இன்சுலினை விடுகிறது. ஊசி போடுகிற தாயோ, குழந்தை எவ்வளவு உண்ணும், எவ்வளவு ஓடியாடும் என்று முன்கூட்டியே ஊகித்து அளந்து போட வேண்டியவள். ஊகம் பிசகினால் ஒரு பக்கம் மயக்கம், மறுபக்கம் ஆண்டுகள் சென்றபின் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நேரும் கேடு. ஆகையால்தான் மருந்தைச் சுமந்து செல்லும் மாத்திரைக்குப் பதிலாக, மருந்தைச் செய்யும் உயிரையே சுமந்து செல்லும் உறை வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. எப்போது, எவ்வளவு விடுவது என்ற தீர்மானத்தை உறை செய்ய வேண்டியதில்லை, உள்ளிருக்கும் உயிரணுவே செய்துகொள்ளும்; உறையின் கடமையெல்லாம் தேவையானதை உள்ளும் புறமும் போகவிட்டு, பகைவனைத் தடுத்து நிறுத்துவது மட்டுமே.

இது கணக்கில் எளிதாகவே தோன்றுகிறது. சர்க்கரையின் மூலக்கூற்று எடை 180. இன்சுலினுடையது ஏறக்குறைய 5,800. அந்நியப் பொருள்களைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தினுடையதோ சுமார் 1,50,000. முதலிரண்டும் நுழையவும் மூன்றாவது நுழையாமலும் இருக்கக்கூடிய துளைகள் கொண்டதொரு வலை வேண்டும். 1957 இல் மாண்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்து மாணவராக இருந்த தாமஸ் சாங், தம் விடுதி அறையிலேயே பரிசோதனை நடத்தி, ரத்தத்தின் ஹீமோகுளோபினை மெல்லிய சவ்வுக்குள் அடைத்துச் செயற்கை உயிரணு என்ற கருத்துக்கு வித்திட்டார். பின்னர் பிராங்க்ளின் லிம், அந்தோணி சன் என்ற இருவர் எலியின் கணையத் திட்டுகளை ஆல்ஜினேட் கரைசலில் கலந்து, கால்சியம் நீரில் துளிகளாக விட்டு, மேலே பாலிலைசின் என்ற புரதச் சங்கிலியால் ஒரு சுவர் எழுப்பினார்கள். 1980 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, கண்ணாடிக் கலத்தில் அந்தத் திட்டுகள் பதினைந்து வாரங்களுக்கு மேல் பழுதின்றி இருந்தன; நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் வயிற்றுக்குள் வைத்தபோது, இரண்டு மூன்று வாரங்கள் நோய் அடங்கியிருந்தது. சன் பணியாற்றியது டொராண்டோவின் கன்னாட் நிலையத்தில். 1922 இல் இன்சுலினைப் பெருமளவில் காய்ச்சி எடுக்கத் தொடங்கிய அதே ஸ்தாபனம் அது.

இரண்டு மூன்று வாரங்கள். அதற்குப் பின் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதையின் மையம். அதை அவசரமாகக் கடந்துசெல்ல நமக்கு மனமில்லை.

எலியின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பளிங்கு போலிருந்த முத்துக்களின்மேல் வெண்மையான தழும்புத்திசு படர்ந்து கிடப்பதை ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் மறுபடியும் கண்டார்கள். எதிர்ப்புப் புரதம் உள்ளே நுழையவில்லை. வலை தன் கடமையைச் செய்திருந்தது. ஆனால் வலையையே உடல் வெறுத்தது. விரலில் முள் தைத்தால் அதைச் சுற்றி உடம்பு கோட்டை கட்டுவதைப் போல, முத்து ஒவ்வொன்றையும் சூழ்ந்து காவல் அணுக்கள் திரண்டு, நார்நாராகத் தழும்பை நெய்து மூடிவிட்டன. உள்ளே போக வேண்டிய பிராணவாயுவும் உணவும் அந்தத் தழும்பால் தடைபட, காக்கப்பட்ட உயிரணுக்கள் காவலுக்குள்ளேயே மூச்சுத்திணறி மாண்டன. நாற்பத்தைந்து ஆண்டுகளாக இத்துறையின் போராட்டமெல்லாம் இந்தத் தழும்போடுதான்.

உடலின் கண்ணில் மண்ணைத் தூவும் சர்க்கரைப் போர்வை இயற்கையில் உண்டா என்றால், உண்டு. அது நம் பகைவனிடம் இருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியைச் சுற்றியுள்ள உறை ஒரு பாலிசாக்கரைடு என்பதை நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் ஹைடல்பெர்கரும் ஏவரியும் 1923 இல் நிறுவினார்கள். அந்த வழுக்கும் உறை இருக்கும் மட்டும், கிருமியைப் பற்றி விழுங்க வரும் வெள்ளணுக்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. உறையை இழந்த கிருமி தீங்கற்றதாகிவிடுகிறது. இன்று குழந்தைகளுக்குப் போடும் நிமோனியாத் தடுப்பூசியும் அந்த உறையின் சர்க்கரையைக் கொண்டே செய்யப்படுகிறது. கிருமியின் போர்வை உயிருள்ளது, அன்றாடம் புதிதாக நெய்யப்படுவது. மனிதன் செய்யும் முத்தோ, ஒருமுறை செய்து இட்டபின் அசைவற்றுக் கிடப்பது. பகைவனுக்குக் கிட்டிய சாமர்த்தியம் வைத்தியனுக்குக் கிட்டாமற்போனதற்கு இந்த வேற்றுமை பெரிய காரணமாக இருக்கலாம் என்று எமக்குத் தோன்றுகிறது.

பழியை முதலில் பாலிலைசின்மீதும் அசுத்தத்தின்மீதும் சுமத்தினார்கள். அதில் நியாயம் இருந்தது. பாசியிலிருந்து எடுத்த சரக்கில் ஒட்டிவரும் பிற வஸ்துக்களை நீக்கியும், குலுரோனிக் பகுதி மிகுந்த நார்வே நாட்டுப் பாசியைத் தேர்ந்தெடுத்தும், டிராண்ட்ஹைம் நகர விஞ்ஞானிகளின் துணையோடு புதிய முத்துக்கள் செய்யப்பட்டன. அத்தகைய முத்துக்களில் அடைத்த மனிதத் திட்டுகளை 1993 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாட்ரிக் சூன் ஷியாங் ஒரு நோயாளிக்கு வைத்தார். ஒன்பது மாதத்தில் அவர் ஊசியின்றி இருந்தார் என்ற செய்தி 1994 இல் வெளிவந்தது. ஆனால் அந்த நோயாளி முன்பே சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை உட்கொண்டுவந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மையாகும். 1996 இல் நியூஸிலாந்தில், பன்றிக்குட்டியின் திட்டுகளை ஆல்ஜினேட்டில் அடைத்து ஒருவர் வயிற்றில் இட்டார்கள்; ஒன்பதரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சில முத்துக்களுக்குள் உயிரணுக்கள் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தன. ஊசியை விட்டுவிடும் அளவுக்கு அவை பலன் தரவில்லை. ஆனாலும் காவலுக்குள் அத்தனை காலம் ஓர் அந்நிய உயிர் பிழைத்திருக்க முடியும் என்பதற்கு அந்தச் சில முத்துக்கள் சாட்சியாயின.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் லாங்கர், டேனியல் ஆண்டர்சன் ஆகியோரின் குழு வேறு வழியில் சென்றது. ஆல்ஜினேட் சங்கிலியில் வெவ்வேறு சிறு ரசாயனக் கொத்துக்களை ஒட்டவைத்து, 774 வகைப் புதிய ஆல்ஜினேட்டுகளைச் செய்து, எது தழும்பை அழைக்காமலிருக்கிறது என்று சலித்துப் பார்த்தார்கள். தேறியவை மிகச் சில. அவற்றில் ஆன உருண்டைகள் குரங்குகளின் வயிற்றில் ஆறு மாதங்கள் இருந்தும் தெளிவாகவே மீண்டு வந்தன. ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த மனித இன்சுலின் அணுக்களை இத்தகைய உருண்டைகளில் வைத்து, எலிகளை 174 நாட்கள் நோயின்றிக் காத்ததாக 2016 இல் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அதே குழு கண்டது இன்னும் வியப்பானது: அரை மில்லிமீட்டர் முத்தைக் காட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் முத்தை உடல் குறைவாகவே வெறுக்கிறது. சிறியதே நல்லது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்ததற்கு நேர்விரோதமான முடிவு இது. ஆனால் முத்து பெரிதானால் அதன் மையம் ரத்தக் குழாயிலிருந்து விலகிப்போகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு தூரத்துக்கு அப்பால் பிராணவாயு சென்றடைவதே அரிதாக இருக்க, நடுவில் உள்ளவை பட்டினி கிடக்கின்றன. தழும்பைத் தவிர்க்கப் பெரிய முத்து, மூச்சு விடச் சிறிய முத்து. இவ்விரண்டுக்கும் நடுவே ஆராய்ச்சி இன்று நிற்கிறது.

எலியும் குரங்கும் தந்த நம்பிக்கை மனிதனிடம் அப்படியே பலிக்கவில்லை. ரத்தம் உறையாத நோயுள்ள சிலருக்கு, இந்த வகை உருண்டைகளில் வேறு உயிரணுக்களை அடைத்து வைத்த பரிசோதனை 2021 இல் நிறுத்தப்பட்டது. ஒருவரிடமிருந்து மீட்ட உருண்டைகளில் தழும்பு படர்ந்து, உள்ளிருந்தவை மாண்டிருந்தன.

இதற்கிடையில் கதையின் மறுபாதி நிறைவேறிவிட்டது. ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த திட்டுகளை உறை ஏதுமின்றி ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் செலுத்தியபோது, முழு அளவு பெற்ற பன்னிருவரில் பதின்மர் ஓராண்டு சென்றபின் ஊசியின்றி இருந்ததாக 2025 இல் செய்தி வந்திருக்கிறது. பிணங்களின் கணையத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காலம் முடிவடையப்போகிறது. வேண்டிய அளவு உயிரணுக்களைக் கலத்திலேயே வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதின்மரும் தங்கள் உடலின் காவற்படையை அடக்கிவைக்கும் மருந்துகளை நிறுத்தாமல் உட்கொண்டுவர வேண்டும். தொற்றுநோய்க்கும் புற்றுநோய்க்கும் கதவைத் திறந்துவைக்கும் அந்த மருந்துகளை, ஊசியால் பிழைத்திருக்கக்கூடிய ஏழு வயதுக் குழந்தைக்குக் கொடுக்க எந்த வைத்தியர் துணிவார்? உயிரணு தயாராக நிற்கிறது. அதைச் சூழ வேண்டிய சுவர்தான் இன்னும் அகப்படவில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் ஆல்ஜினேட் துளிகள் 1980 இல் விழுந்ததைப் போலவே இன்றும் கால்சியம் நீரில் ஒவ்வொன்றாக விழுந்து முத்தாகிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன் சட்டையை உயர்த்தி, வயிற்றில் இடம் பார்த்து, தானே ஊசியைப் போட்டுக்கொள்கிறது.